கன்னத்துக்குள் வலை

என் கன்னத்தின் உள்பக்கத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது 61 வயதில், சமையற்கட்டு ஜன்னலில் சாய்த்து வைத்த கைக்கண்ணாடியில். ஒரு கையில் போன் டார்ச். இன்னொரு கைவிரலால் கன்னத்தை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தேன். சிவந்த சதையின் மேல் வெள்ளை நூல் குறுக்கும் நெடுக்குமாக, கண்ணி கண்ணியாக ஓடியிருந்தது. தரங்கம்பாடிக் கடற்கரையில் மணலில் காயப்போட்ட வலையை எத்தனை ஆயிரம் முறை தாண்டி நடந்திருப்பேன்! அதையே யாரோ நுணுக்கி என் வாய்க்குள் ஒட்டிவிட்டாற்போல இருந்தது. வலக் கன்னத்தையும் இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே வலை, அதே உயரத்தில். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே மட்டும் வலை கிழிந்து, செக்கச் சிவந்து ஒரு திட்டு.

அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே எரிச்சல். வத்தக்குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. மாவடு ஊறுகாய் போயிற்று, பிறகு ரசம் போயிற்று, கடைசியில் சூடான காபியும் போயிற்று. எங்கள் பக்கம் இதை வாய் வேக்காடு என்போம். வயிற்றுச் சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுப்பார்கள். மாசிக்காயை இழைத்துத் தேனில் குழைத்துத் தடவுவார்கள். நானும் செய்தேன். கீரை இதமாக இருந்தது, நோய் போகவில்லை. ஒரு மருத்துவரிடம் போனேன். நாற்காலியில் உட்காரும் முன்பே வைட்டமின் மாத்திரை எழுதிவிட்டார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே சீட்டு. ஒரு முறைகூட வாயைத் திற என்று சொல்லவில்லை. வேறொருவர் நின்றவாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, ‘கேன்சராக்கூட இருக்கலாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

கடைசியில் பஸ் பிடித்து ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். முதுநிலை மாணவி ஒரு பெண், என் கடைசி மகள் வயது. அவள் என் வாயைப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். விளக்கைத் திருப்பி, இரண்டு சிறு கண்ணாடிகளால் கன்னத்தை விரித்து, ஈறு, நாக்கின் மேல், நாக்கின் இரு ஓரம், நாக்கடி, அண்ணம் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். ஒரு துணித்துண்டால் அந்த வெள்ளையை அழுத்தித் துடைத்தாள். ‘வரலை பாருங்கம்மா. பூஞ்சையா இருந்தா தயிராடை மாதிரி உரிஞ்சு வந்துடும். இது வராது.’ பிறகு கேள்விகள். பிரஷர் மாத்திரை என்ன போடுகிறீர்கள்? மூட்டுவலி மாத்திரை உண்டா? சர்க்கரை? மஞ்சள் காமாலை வந்ததுண்டா? வெள்ளி அடைத்த பல் அந்தச் சிவப்புக்கு எதிரே இருக்கிறதா? வெற்றிலை போடுவீர்களா, எந்தப் பக்கம் அதக்குவீர்கள்? கை, மணிக்கட்டு, கணுக்கால் தோலையும் பார்த்தாள். மரத்துப்போக ஊசி போட்டு, கன்னத்திலிருந்து மிளகளவு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, ஒரு தையல் போட்டாள். பத்து நாளில் முடிவு வந்தது: வாயில் வரும் லைக்கன் பிளேனஸ். புற்று இல்லை. தொற்றும் இல்லை, பேரனுக்கு முத்தம் கொடுக்கலாம்.

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். ஒரு பெயர் காதில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்க முடியாது. லைக்கன் என்பது பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசி போன்ற உயிர். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு அது புதிதில்லை. பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடும் கல்பாசி அதுதான். கிரேக்க வைத்தியர்கள் தோலில் படரும் சொறிக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். பிளேனஸ் என்றால் லத்தீனில் தட்டை. 1869இல் லண்டனில் எராஸ்மஸ் வில்சன் என்ற தோல் மருத்துவர் 50 நோயாளிகளை விவரித்து இந்தப் பெயரை நிலைநிறுத்தினார். அந்த 50 பேரில் வாயிலும் நோய் இருந்ததாக அவர் குறித்தது மூன்று பேரிடம். தோல் மருத்துவர் தோலைத்தான் முதலில் பார்ப்பார். 1895இல் பாரிஸில் விக்காம் என்பவர் தோல் பருக்களின் மேல் ஓடும் அந்த வெள்ளைக் கோடுகளைத் தனியாக எடுத்து எழுதினார். இன்றும் அவை அவர் பெயரில்தான் இருக்கின்றன. என் கன்னத்தில் உள்ள வலையும் விக்காம் கோடுதான்.

1869இல் எங்கள் ஊரான தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையைவிட்டுப் போய் 24 வருஷம் ஆகியிருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் மிளகுக்காக இங்கே இறங்கினார்கள். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை, நகரவாயில், அச்சுக்கூடம் என்று பாடப்புத்தகத்தில் நான் நடத்திய வரலாறு இதுதான். நோய் வந்தபிறகு அதே வரலாற்றை வேறொரு கேள்வியோடு திரும்பப் படித்தேன். இந்த ஊரில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் யார், பார்த்தவர் யார்?

கேட்டவர்கள் இருந்தார்கள். 1706இல் வந்த பாதிரியார் சீகன்பால்குவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மூன்று வருஷம் கழித்து வந்த யோஹான் எர்ன்ஸ்ட் குருண்ட்லரை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. அவர் தமிழ் கற்று, வாகடச் சுவடிகளை வைத்துக்கொண்டு, 1711இல் ‘மலபார் வைத்தியன்’ என்று பொருள்படும் தலைப்பில் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அன்றைய ஐரோப்பியர் தமிழரை மலபாரியர் என்றுதான் அழைத்தார்கள். தமிழ் வைத்தியர் நோயை எப்படிப் பிரிக்கிறார், நாடி எப்படிப் பார்க்கிறார், எந்த மருந்து கொடுக்கிறார் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு வெளிநாட்டுக்காரர் இங்கே மெனக்கெட்டிருக்கிறார். கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அதோடு நிற்கவில்லை. தமிழர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களைச் சீகன்பால்குவும் குருண்ட்லருமாக மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். மதம் மாற்ற வந்தவர்கள் என்பது உண்மை. கேட்டுக்கொள்ளும் பொறுமை இருந்ததும் உண்மை. எனக்கு அந்தப் பொறுமையின் மேல்தான் இன்று மரியாதை.

பிறகு மிஷனுக்கென்றே மருத்துவர்களை அனுப்பினார்கள். முதலாவதாக வந்த ஷ்லேகல்மில்ஷ் 1730இல் வந்து, அந்த வருஷமே இங்கே மண்ணாகிப் போனார். 1732இல் வந்த க்னோல் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். அவருக்கு அடுத்து 1768இல் வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கேனிக். லின்னேயஸின் மாணவர், இங்கே வருவதற்கு முன் 1764–65இல் ஐஸ்லாந்தின் பாறைகளில் செடி சேகரித்துத் திரிந்தவர். அந்தத் தேசத்தில் வைத்தியத்துக்கே ஒரு லைக்கன் உண்டு. கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். கேனிக் அதை மிதிக்காமல் நடந்திருக்க முடியாது என்று நினைத்துக்கொள்வேன். ரசத்துக்குத் தாளிக்கிறோமே கறிவேப்பிலை, அதன் தாவரவியல் பெயரில் பின்பாதியாக நிற்பது இந்த மனிதர்தான். நோயாளி பார்க்க வந்தவர் செடி பார்க்கப் போனார். அதற்கு அடுத்த தலைமுறையில், 1798இல், தரங்கம்பாடியில் இருந்த அறுவை மருத்துவர் ஃபோலி இங்குள்ள தமிழ் வைத்தியர்களின் திறமையைப் பற்றித் தனியாக எழுதி வைத்தார். அதே வருஷம் தஞ்சையில் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சரபோஜி, தரங்கம்பாடி வழி வந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர். தன்வந்திரி மகால் வைத்து நாட்டு வைத்தியத்தையும் ஐரோப்பிய வைத்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் காலத்து முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்று செய்யுளாக நிற்கின்றன.

நம் வைத்திய நூல்களில் வாய்க்கு இடமில்லாமல் இல்லை. அக்கரம் என்று ஒரு வாய்நோயே உண்டு. ஆனால் வீட்டுப் பெண்ணின் வாயை வெளிச்சத்தில் திறந்து பார்க்கும் வழக்கம் எங்கள் தெருவில் என் காலம்வரை வரவில்லை. கை நீட்டினால் நாடி பார்ப்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார்கள். கன்னத்தின் உள்பக்கம் வெற்றிலையின் இடம்.

காவிரிக்கரையில் வெற்றிலை எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கும்பகோணம் பக்கத்துக் கொழுந்து வெற்றிலை, சீவல், வேதாரண்யம் புகையிலை. இந்த மூன்றும் ஒரு ஜில்லாவுக்குள்ளேயே கிடைத்தன. நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு மாற்றுவதும், சண்டை தீர்ந்ததற்கு அடையாளமும், நடவுக்கு ஆள் கூப்பிடுவதும் அதை வைத்துத்தான். என் மாமியார் 14 வயதில் தொடங்கியவர். பித்தளைச் செல்லம் ஒன்று வைத்திருந்தார். அதில் பாக்குவெட்டிக்கு ஒரு குழி, சுண்ணாம்புக்கு மூடி போட்ட சிமிழ், புகையிலைக்கு வாழைச்சருகில் ஒரு பொட்டலம். காம்பைக் கிள்ளி, இலையின் முதுகில் நரம்பை உரித்து, சுண்ணாம்பை நகத்தால் எடுத்து ஒரே இழுப்பில் தடவுவார். மடித்து வலக் கடைவாயில் அதக்கிக்கொண்டால் மாவாட்டுவது முடியும்வரை வாய் திறக்க மாட்டார். கடைசி மூன்று வருஷம் அவருக்கு வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. காரம் தாங்காமல் மோர்சாதம் மட்டும் சாப்பிட்டார். வயசாயிற்று என்று நாங்கள் இருந்துவிட்டோம். நான் படித்த பெண். வாயைத் திறந்து காட்டச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அது பாக்கினால் வாயின் உள்தோல் நாராக இறுகும் நோயாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. அந்த நோயை 1952இல் இன்னொரு ஷ்வார்ட்ஸ் ஆப்பிரிக்காவில் குடியேறிய ஐந்து இந்தியப் பெண்களிடம் பார்த்து எழுதினார். அடுத்த வருஷம் பம்பாயில் ஜோஷி எழுதினார். மாமியார் இறந்தது அதற்கு எத்தனையோ வருஷம் பிறகு.

இந்தியாவில் கிராமம் கிராமமாகப் போய் வாயைத் திறந்து பார்த்த கதைக்கு வருகிறேன். அதிலும் ஒரு டேனிஷ்காரர் இருக்கிறார் என்று தெரிந்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபன்ஹேகன் பல் மருத்துவக் கல்லூரியின் யென்ஸ் பிண்ட்போர்க். 1960களில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபாலி மேத்தா குழுவோடு சேர்ந்து உழைத்தவர். எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், சிங்பூம், தர்பங்கா என்று ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் 50,915 பேரின் வாயைப் பார்த்தார்கள். 1969இல் முடிவு வெளியானது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவரைக் காத்திருந்து பார்த்தால் வலிக்கிறவர் மட்டும்தான் வருவார். வீட்டுக்குப் போனால்தான் வலிக்காத நோயும் கண்ணில் படும். ஐந்தில் தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றுகூட இல்லை. 1620இல் வந்த கப்பல் மிளகு கேட்டு எங்கள் கரையில் நின்றது. வாயைப் பார்க்க வந்தவர் எங்களைத் தாண்டிக் கேரளம் போய்விட்டார். இது எனக்கு இன்னமும் வருத்தம்.

1972இல் அந்தக் குழு கேரள கிராமத்தார் 7,639 பேரிடம் லைக்கன் பிளேனஸை மட்டும் தனியாகக் கணக்கிட்டது. புகையிலைப் பழக்கம் இல்லாதவர்களிடம் 0.3 சதவீதம், புகைப்பதும் மெல்லுவதும் இரண்டும் உள்ளவர்களிடம் 3.7 சதவீதம். நான் வெற்றிலை போடாதவள், அந்த 0.3இல் ஒருத்தி. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெற்றிலை அதக்கும் இடத்தில் மட்டும் இதைப்போலவே வெள்ளைக்கோடு விழும் வேறொரு புண் உண்டு. கோடுகள் வலையாகப் பின்னாமல், விசிறி மடிப்புப்போல ஒரே திக்கில் அலை அலையாக ஓடும். ஒரு பக்கம்தான் இருக்கும். வெற்றிலையை விட்டால் பெரும்பாலும் மறையும். தஃப்தரியும் சகாக்களும் இதைப் பிரித்து எழுதியது 1980இல்தான். அதற்கு முன் எடுத்த கணக்கில் இரண்டும் கலந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அந்த மாணவி என்னிடம் எந்தப் பக்கம் அதக்குவீர்கள் என்று ஏன் கேட்டாள் என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

கோபன்ஹேகனிலிருந்தே இன்னொருவர், ஆண்ட்ரியாசன், 1968இல் 115 நோயாளிகளைப் பார்த்து இந்த நோயை ஆறு தோற்றங்களாகப் பிரித்தார். வலைப்பின்னல், சிறு பருக்கள், தட்டையான வெள்ளைப் பட்டை, மெலிந்து சிவந்தது, புண்ணானது, கொப்புளம். வலை மட்டும் இருந்தால் பலருக்கு ஒன்றுமே தெரியாது, மருந்தும் வேண்டாம். சிவந்து புண்ணானால்தான் எரிச்சல். 30 வயதுக்கு மேல், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். நம் உடம்பைக் காக்கிற வெள்ளணுக்களில் ஒரு வகை, கன்னத்தோலின் அடிவரிசைச் செல்களை அந்நியமென்று நினைத்துத் தாக்குகிறது. அதைத் தூண்டுவது எது என்பது இன்னும் பிடிபடவில்லை. சில பிரஷர் மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் வெள்ளி அடைத்த பல்லும் இதே தோற்றத்தைக் கொண்டுவரும். அவற்றை மாற்றினால் அந்தப் புண் பெரும்பாலும் போய்விடும். எனக்கு அப்படி இல்லை. ‘முழுசா போகாதும்மா, அடங்கும், மறுபடி வரும்’ என்று அவள் நேராகச் சொன்னாள். பொய் ஆறுதல் சொல்லாததற்கு நன்றி சொன்னேன்.

புற்று? 1986இல் மூர்த்தியும் மேத்தாவும் குழுவினரும் இந்திய நோயாளிகள் 722 பேரை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து வெளியிட்டதில், புற்றானது மூன்று பேருக்கு. மற்ற நாடுகளில் பின்னால் வந்த கணக்குகள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்கின்றன. அன்றைக்கு நின்றவாக்கில் வீசப்பட்ட அந்தச் சொல்லோடு இந்த எண்ணும் வந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். வருஷம் ஒரு முறையாவது போய்க் காட்ட வேண்டும் என்பது அந்த ஒருவருக்காக.

மருந்து ஒரு பசை. ஸ்டீராய்டு கலந்தது. 1948இல் அமெரிக்காவில் ஹென்ச் என்பவர் நடக்க முடியாத மூட்டுவாத நோயாளிக்குக் கார்டிசோன் ஊசி போட்டு எழுப்பி நடக்கவைத்தார்; 1950இல் அதற்கு நோபல் பரிசு. 1952இல் அதே குடும்பத்து மருந்தைத் தோலில் தடவிப் பார்த்தார்கள், கேட்டது. அந்த வழியில் வந்ததுதான் டிரையம்சினலோன். வாயில் ஈரம் இருப்பதால் எதைத் தடவினாலும் வழிந்துவிடும்; அதற்காக ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் பசையில் அதைக் குழைத்திருக்கிறார்கள். ராத்திரி சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, பஞ்சால் கன்னத்தை ஒற்றி உலர்த்திவிட்டு, விரல் நுனியில் கடுகளவு எடுத்து வைத்து அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது. முதல் வாரம் சந்தனம் தடவுவதுபோல் தேய்த்தேன். மணல் மணலாகத் திரிந்து வந்துவிட்டது. அழுத்திவிட்டால் வழவழவென்று ஒரு படலம் நிற்கும். பிறகு அரைமணி நேரம் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நாலு வாரத்தில் சிவப்பு மங்கியது. இடையில் ஒருமுறை இந்த மருந்தினாலேயே பூஞ்சை பிடித்தது. அதற்கு வேறு களிம்பு. இதற்கும் அடங்காதவர்களுக்கு கிளோபெட்டசால், டாக்ரோலிமஸ், கொஞ்ச நாளைக்கு மாத்திரையாக ஸ்டீராய்டு என்று படிப்படியாகப் போகிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமினையும் சோதித்துப் பார்த்துவருகிறார்கள். காரமான பற்பசையை மாற்றினேன். மிளகாய், புளி குறைந்து, மணத்தக்காளியும் தேங்காய்ப்பாலும் திரும்பி வந்தன. அவை நோயைத் தீர்ப்பதில்லை. தினமும் ஒருவேளைச் சோறு நிம்மதியாக இறங்குகிறது.

போன மாதம் கருவாடு கொண்டுவரும் ஆத்தா என் வீட்டுத் திண்ணையில் கூடையை இறக்கி வைத்து, ‘டீச்சர், வாய் காந்துது, குழம்பே வைக்க முடியல’ என்றது. எழுபது இருக்கும். நான் உள்ளே போய் போனையும் ஒரு கரண்டியையும் எடுத்துவந்தேன்.

‘வாயைத் தொற ஆத்தா.’

‘ஐய, எதுக்கு? வாயெல்லாம் வெத்தலை.’

‘துப்பிட்டுக் கொப்பளிச்சுட்டு வா.’

கூச்சப்பட்டுக்கொண்டே போய்க் கொப்பளித்துவிட்டு வந்தது. கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கி டார்ச் அடித்தேன். இடக் கன்னத்தில் ஒன்றுமில்லை. வலக் கன்னத்தில், அதக்கும் குழியில், வெள்ளைக் கோடுகள் விசிறிபோல மேல்நோக்கி ஓடின. அதற்குக் கீழே ஒரு தடிப்பு. அது என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். செவ்வாய்க்கிழமை எனக்குச் சோதனை நாள், நீயும் கூட வா, பஸ்காசு நான் தருகிறேன் என்றேன்.

‘இத்தினி வருசத்துல வாய்க்குள்ள லைட்டு அடிச்சது நீதான் டீச்சர்’ என்று சொல்லிவிட்டு ஆத்தா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தது. ஒரு இலையை உருவியது. காம்பைக் கிள்ளிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தது. பிறகு இலையைப் பைக்குள் திரும்பச் செருகிச் சுருக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலைக்கு ஏற்ற என்னைக் கை கொடுக்கச் சொன்னது.